ஒன்பது காலைத் தணிப்புகள்

போட்டி நாளின் விடியலில், மைதானம் மைதானமாகத் தெரியாமல் வெறும் பனிமூட்டமாகக் கிடக்கும் அந்த ஒரு மணி நேரத்தை மாஸ்டர் தம் வயதுக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அப்போது அவர் சாம்பல் நிறப் பெண்குதிரையின் முதுகில் இருப்பார். வெள்ளைக் கம்பி வேலி ஒரு கணம் எதிரே தோன்றும்; மறுகணம் யாரோ ஈரத்துணியால் துடைத்துவிட்டாற்போல இல்லாமற்போகும். குளம்பொலி காலடியிலிருந்து வராது. சற்றுத் தள்ளி மற்றொரு குதிரை உடன் நடந்து வருவதுபோல அது கேட்கும். கடிவாள வாரை அவர் பிடித்திருக்கிறாரா, அதுவே அவர் விரல்களில் வந்து படிந்திருக்கிறதா என்று சொல்ல முடியாது. இடப்பக்கம் திரும்பலாமே என்று நினைப்பார். நினைத்து முடிப்பதற்குள் அது திரும்பியிருக்கும்.

வெயில் ஏறி, மைதானத்தின் மூலைகள் ஒவ்வொன்றாகத் தங்கள் இடங்களுக்கு வந்து சேர்ந்ததும் அவர் இறங்குவார். குதிரையின் கழுத்தை ஒரு முறை வருடுவார். பிறகு சட்டைப்பையிலிருந்து சிறு குறிப்பேட்டை எடுத்து, "சாம்பல், தணிப்பு, ஒன்று" என்று பென்சிலால் எழுதி வைப்பார். மாத முடிவில் அந்த ஒன்று, குதிரையின் சொந்தக்காரியிடம் ஆயிரத்து ஐந்நூறாகக் கேட்கப்படும்.

தணிப்பு என்பது குதிரைப் போட்டிக்காரர்களிடையே வழக்கமான ஒரு வேலை. குதிரை இரவெல்லாம் லாரியில் குலுங்கிப் புது இடத்தில் வந்து இறங்குகிறது. கொடிகள் படபடக்கின்றன, ஒலிபெருக்கி கரகரக்கிறது, அறியாத குதிரைகளின் வாடை நான்கு பக்கமும் வீசுகிறது. அந்த மிரட்சியோடு அதன்மேல் சொந்தக்காரரை ஏற்றினால், நடையையும் திருப்பத்தையும் பார்த்து மதிப்பெண் போடும் நடுவர்களுக்கு முன்னால் மானம் கப்பலேறிவிடும். அதனால் பயிற்சியாளர் முன்னதாக எழுந்து, ஒரு மணி நேரம் தாமே ஓட்டி அதன் பதற்றத்தைத் தணித்து, பதமாக்கிக் கொடுப்பார். எளிய வேலையன்று. இதில் தோள்மூட்டு பிசகியவர்களும் முன்பற்களை இழந்தவர்களும் உண்டு.

மாஸ்டருக்கு ஐம்பத்தேழு வயது. லாயத்தை ஒட்டிய தீவனக் கிடங்கின் மேல் இரண்டு அறைகளில் அவரும் மனைவியும் குடியிருந்தார்கள். கீழே பதினொரு குதிரைகள். எல்லாம் பிறருடையவை, மாதக் கட்டணத்துக்கு அங்கே வளர்ந்தவை. அவருக்கென்று சொந்தமாக ஒரு குதிரை எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அதைப் பற்றி யாராவது கேட்டால், "சமையல்காரன் வீட்டுல பசியா இருக்கு?" என்று சிரித்து மழுப்பிவிடுவார்.

இளமையில் அவர் வேறொரு பெரிய லாயத்தில் வேலை பார்த்தார். அதன் முதலாளிக்கு வாடிக்கையாளரின் செருப்பைப் பார்த்தே கட்டணத்தை நிர்ணயிக்கும் பழக்கம். பளபளப்பான தோல் காலணி வந்தால் ஒரு தொகை. தேய்ந்த செருப்பு வந்தால், இளைத்தவனிடம் பேரம் பேசும் தைரியம் இருக்காது என்று இன்னும் பெரிய தொகை. ஒரே லாரியில் போன ஆறு குதிரைகளின் சொந்தக்காரர்களிடமும் முழு லாரி வாடகையைத் தனித்தனியாக வாங்கிய நாளும் உண்டு. இதையெல்லாம் பார்த்துப் பார்த்து மாஸ்டருக்கு வயிறு எரிந்தது. தாம் தனியாகத் தொழில் தொடங்கிய அன்றே ஒரு தாளில் கட்டணங்களை வரிசையாகத் தட்டச்சு செய்து, சேணங்கள் மாட்டியிருக்கும் அறையின் கதவில் ஒட்டினார். அமைச்சர் வந்தாலும் அந்தத் தாள்தான், அன்றாடம் கூலிக்குப் போகிறவர் வந்தாலும் அந்தத் தாள்தான். ஆண்டுக்கு ஆண்டு எண்கள் மாறின. ஒரே தாள் என்பது மாறவில்லை. உலகத்தில் அவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டது அந்த ஒன்றைத்தான்.

பதினொன்றில் இரண்டு குதிரைகள் மட்டுமே போட்டிகளுக்குப் போய்வந்தன. ஒன்று சிமெண்டு வியாபாரியின் கறுப்பன். ஆள் உயரமும் அதற்கு மேலே ஒரு முழமும் இருக்கும். தன் நிழலைப் பார்த்தே தாவிக் குதிக்கும். மற்றொன்றுதான் சாம்பல். அதன் சொந்தக்காரி பொய்ப்பல் செய்யும் கூடமொன்றில் வேலை செய்பவள், நாற்பதைத் தாண்டியவள், தனியாக வாழ்பவள். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துப் பல் பல்லாகச் செய்து, பல்லுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி, அந்தக் கூலியைப் பதினாறு ஆண்டுகள் சேர்த்து ஒரு குதிரை வாங்கினாள். லாயத்தில் எல்லோரும் அவளைப் பல்லுக்காரம்மா என்றே அழைத்தார்கள். அவளும் அதற்குத் திரும்பிப் பார்ப்பாள்.

போட்டிப் பருவம் தொடங்க ஒரு மாதம் இருக்கையில், ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, பல்லுக்காரம்மா கட்டணத் தாளின் படியொன்றைக் கையில் வைத்துக்கொண்டு சேண அறைக்குள் வந்தாள். மாஸ்டர் சேணத்தில் கால் வைக்கும் அங்கவடி ஒன்றின் வாருக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். குறுக்குத் தடுப்புக்கு அப்பால் அவர் மனைவி கொள் மூட்டைகளுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள்.

"மாஸ்டர், ஒரு சந்தேகம். சண்டை போட வரல."

"சண்டை போட வர்றவங்கதான் முதல்ல அப்படிச் சொல்வாங்க. உட்காருங்கம்மா."

அவள் முக்காலியில் உட்கார்ந்து தாளை மடியில் விரித்தாள். ஒவ்வொரு வரியாக விரலை நகர்த்தினாள். பற்களைத் தேய்த்துத் தேய்த்து அந்த விரலின் நுனி வழவழப்பாகியிருந்தது.

"நுழைவுக் கட்டணம் ஆயிரம். அது போட்டி நடத்தறவங்களுக்குப் போகுது. லாய வாடகையும் அப்படித்தான். லாரி?"

"லாரிக்காரன் கேக்கறதை ரெண்டு குதிரைக்கும் பாதிப் பாதியாப் போடறேன். நான் அதுல கை வைக்கிறதில்ல."

"உங்க அறை, சாப்பாடு?"

"அதுவும் பாதிப் பாதி. நான் எவ்வளவு சாப்பிடுவேன்னு உங்களுக்கே தெரியும்."

"தெரியும். அதனாலதான் கேட்டேன்" என்றாள். தடுப்புக்கு அப்பால் மனைவி சிரித்தது கேட்டது. "சரி, நாள் சம்பளம். அதைப் பத்திக் கேள்வியே இல்ல. போன வருஷம் நான் வளைவுல தப்பான பக்கம் திரும்பப் போனேன், வேலிக்கு அந்தப் பக்கத்திலேர்ந்து இருமுனீங்களே, அந்த ஒரு இருமலுக்கே அந்தச் சம்பளம் தகும்."

"மெதுவாப் பேசுங்கம்மா. நடுவர் காதுல விழுந்தா என் தொண்டைக்கே தடை போட்டுடுவாங்க."

அவள் விரல் கடைசி வரிக்கு வந்து நின்றது.

"காலைத் தணிப்பு. ஒரு காலைக்கு ஆயிரத்து ஐந்நூறு. ஒரு போட்டிக்கு ரெண்டு காலை, வருஷத்துக்கு அஞ்சு போட்டி. இது சாம்பலுக்கு வேணுமா மாஸ்டர்?"

"வேணும்" என்றார் அவர்.

அங்கவடியைப் பார்க்காமலே அதைத் தேடிப்போகும் கால்போல, அந்தச் சொல் தானாகப் போய்ப் பொருந்திக்கொண்டது. இருபத்திரண்டு ஆண்டுகளாக எத்தனையோ பேருக்கு அவர் அதே பதிலைச் சொல்லியிருக்கிறார். எல்லோரிடமும் அது உண்மையாகவே இருந்துவந்தது.

பல்லுக்காரம்மா தாளை நான்காக மடித்தாள். "வேணும்னா சரி. வேலை தெரிஞ்சவர் சொல்றீங்க, அதுக்கு மேல நான் என்ன பேசறது" என்றாள். பிறகு விஷயத்தைச் சொன்னாள். ஐந்து போட்டிக்கும் சேர்த்து அறுபத்திரண்டாயிரம் ஆகிறது. அவளிடம் இருப்பது ஐம்பது. கடன் வாங்கிக் குதிரை ஓட்டுவதில்லை என்று அவள் வைராக்கியமாக இருந்தாள். போட்டிக்குப் போகாமல் சாம்பலைச் சும்மா கட்டிவைத்துத் தீனி போடுவதும் அவளுக்குச் சம்மதமில்லை. "அவ ஓட வேண்டியவ. என்னோட சேர்ந்து வீணாகக் கூடாது." சிமெண்டு வியாபாரி தம் மனைவிக்காக அதை நான்கு லட்சத்துக்குக் கேட்டிருக்கிறார். சனிக்கிழமை காலை அவருடைய கால்நடை மருத்துவர் வந்து சோதிப்பார். எல்லாம் சரியாக இருந்தால் அன்றே கைமாறும்.

"இங்கேயேதான் கட்டியிருப்பாங்க. ஞாயித்துக்கிழமை வந்து பார்த்துக்கோங்கன்னு பெரிய மனசு பண்ணிச் சொல்லியிருக்காரு" என்று எழுந்தாள். போகும்போது சாம்பலின் கொட்டடிப் பக்கம் அவள் திரும்பவில்லை. நேராக வாயிலைக் கடந்து நடந்தாள்.

மாஸ்டர் எண்ணெய்த் துணியை வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார். தடுப்புக்கு அப்பால் எழுதும் சத்தம் நின்றுவிட்டிருந்தது.

"என்னங்க" என்றாள் மனைவி.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. கறுப்பன் மேலேர்ந்து நீங்க இறங்கி வரும்போது வேப்பெண்ணெய் குடிச்சவர் மாதிரி வருவீங்க. இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு, வழியில இருக்கிற வாளியை எல்லாம் உதைச்சுக்கிட்டு. சாம்பல் மேலேர்ந்து இறங்கி வந்தா, நான் ரெண்டு தடவை கூப்பிட்டாத்தான் காதுல விழும். முகமே வேற மாதிரி இருக்கும். நானும் ரெண்டுக்கும் ஒரே தொகைதான் எழுதறேன். எழுதும்போதெல்லாம் ஒரு உறுத்தல்."

"ஒரே தாள்னா ஒரே தாள்தான். ஆளுக்கு ஆள் மாத்த ஆரம்பிச்சா நானும் அந்தச் செருப்புப் பார்க்கிற மனுஷனும் ஒண்ணாயிடுவோம்."

"நான் ஆளைப் பத்திப் பேசலையே. குதிரையைப் பத்திப் பேசறேன்" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடியும் எழுதத் தொடங்கினாள்.

அடுத்த இரண்டு நாட்களும் மாஸ்டர் இரண்டு உலகங்களில் மாறி மாறி நடமாடினார். கைகள் தீவனம் அளந்தன. லாடம் அடிப்பவரோடு வாய் பேசியது. மனம் மட்டும் சென்ற ஆண்டின் மைதானங்களில் சுற்றிக்கொண்டிருந்தது. பத்துக் காலைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். முதல் போட்டியின் முதல் காலை: கொடிகளைப் பார்த்து அது வெலவெலத்துப் போனதும், அரை மணி நேரம் அதன் கழுத்துச் சதை கல்லாக இறுகிக் கிடந்ததும் நன்றாக நினைவிருந்தது. அது தணிப்புத்தான். சந்தேகமில்லை. மறுநாள் காலை? லாயக் கதவைத் திறந்ததும் அது தலையை நீட்டிக் காற்றை முகர்ந்து, வா போகலாம் என்பதுபோல நின்றது. தணிக்க என்ன இருந்தது? அவர் ஏறினார். ஏரிக்கரை ஓரமாக இருந்த அந்த மைதானத்தில் புகைபோலப் பனி கிடந்தது. அதன் மேற்பரப்பில் குதிரையின் மார்பு மிதந்து சென்றது. அவர் கண்ணை மூடிக்கொண்டதுகூட நினைவு வந்தது. வேலையில் இருப்பவன் கண்ணை மூடிக்கொள்வானா?

மூன்றாவது காலை, நான்காவது காலை என்று பத்தாவது வரை வந்தார். மழைத் தூறலில் ஒன்று. நிலா மறையாமலிருக்கையில் கிழக்கு வெளுத்த ஒன்று. தூரத்தில் ரயில் போக, அதன் தாளத்துக்கு இசைந்தாற்போல அது மெல்லோட்டத்தில் போன ஒன்று. எல்லாமே அவருக்குக் கிடைத்தவை. எல்லாவற்றுக்கும் அவள் பணம் கட்டியிருந்தாள்.

இனி என்னவாகும் என்பதும் அவருக்குத் தெளிவாகவே தெரிந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். சனிக்கிழமை குதிரை கைமாறும். விற்றுக் கொடுப்பவருக்குப் பத்தில் ஒரு பங்கு என்பது தொழில் வழக்கம், நாற்பதாயிரம் வரும். ஒழுகும் கூரைக்கு அது போதும். பணத்தைவிடப் பெரிய விஷயம், சாம்பல் இங்கேயே இருக்கும். சிமெண்டு வியாபாரி தணிப்பைப் பற்றிக் கேள்வி கேட்கிற மனிதரில்லை. அந்த விடியல்கள் அவருக்கு ஆயுள் முழுவதும் கிடைக்கும். வாயைத் திறந்தால் நாற்பதாயிரமும் போகும், விடியல்களும் போகும். பொய் சொன்னவர் என்ற பெயர் மட்டும் மிஞ்சும்.

வியாழக்கிழமை மாலை சாம்பலின் கொட்டடிக்குப் போய் நின்றார். அது தீனித் தொட்டியிலிருந்து முகத்தை எடுத்து, ஈர மூச்சை அவர் சட்டைமேல் விட்டது. எல்லோருக்கும் அது அப்படித்தான் விடும். அவருக்கென்று தனியாக ஒன்றுமில்லை. அந்த எண்ணம் முதலில் சுருக்கென்று தைத்தது. பிறகு ஏனோ மனம் லேசாகிவிட்டது. மாடிக்குப் போய் மனைவியிடம், "பெட்டியில பதிமூணாயிரத்து ஐந்நூறு இருக்கா?" என்று கேட்டார். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. ஒன்பதை ஆயிரத்து ஐந்நூறால் பெருக்க அவளுக்குத் தாள் தேவைப்படவில்லை.

வெள்ளிக்கிழமை பகல் மாஸ்டர் பேருந்து ஏறிப் பல் கூடத்துக்குப் போனார். கடைத்தெருவில், கண்ணாடிக் கடைக்கு மேலே ஒரு நீண்ட அறை. கதவைத் திறந்ததும் சுண்ணாம்பு மாவின் மணமும் உருகும் மெழுகின் மணமும் சேர்ந்து வந்தன. சுவர் முழுதும் தட்டுகள். தட்டு முழுதும் வெள்ளைத் தாடைகள். மேல் தாடை, கீழ்த் தாடை என்று நூற்றுக்கணக்கில், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர்ச் சீட்டுடன், பேசத் தொடங்கி நிறுத்திக்கொண்ட கூட்டம்போல அமைதியாக இருந்தன. சன்னல் வெளிச்சத்தில் மாவுத் துகள்கள் மிதந்தன. கோடியில் பல்லுக்காரம்மா சிறு சுடரொன்றின் முன் குனிந்து, கரண்டி முனையில் மெழுகை உருக்கி ஒரு கடைவாய்ப் பல்லைச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தாள். அவள் புருவங்களில் வெள்ளைப் பொடி படிந்திருந்தது.

"மாஸ்டர், பல் ஏதாவது ஆடுதா?" என்றாள் நிமிராமலே.

"ஆடுது. ஆனா பல் இல்ல" என்றார் அவர். உட்காரச் சொல்லும் முன்பே உட்கார்ந்தார். "அம்மா, செவ்வாய்க்கிழமை நீங்க ஒண்ணு கேட்டீங்க. நான் வேணும்னு சொன்னேன். அது பொய்."

கரண்டி அசையவில்லை. மெழுகு மட்டும் ஒரு சொட்டு விழுந்தது.

"போன வருஷம் பத்துக் காலை எழுதியிருக்கேன். முதல் காலை அவளுக்குத் தேவைப்பட்டுச்சு. மத்த ஒன்பதும் தேவைப்படல. அவ கறுப்பன் மாதிரி இல்ல. லாரியில இறங்கினதும் தண்ணி குடிச்சிட்டு ஊரையே வாங்கினவ மாதிரி நிப்பா. நீங்க நேரா ஏறிப் போட்டிக்குப் போயிருக்கலாம்."

"அப்புறம் எதுக்கு ஏறினீங்க?"

அந்தக் கேள்வி வரும் என்று அவர் பேருந்துப் பயணம் முழுவதும் எதிர்பார்த்துக்கொண்டே வந்திருந்தார். பதிலும் கோத்து வைத்திருந்தார். இப்போது அதில் ஒரு சொல்கூடக் கைக்கு அகப்படவில்லை.

"நல்லா இருந்துச்சு" என்றார்.

"நல்லா இருந்துச்சு?"

"ஆமாம்மா. வேற ஒண்ணும் இல்ல. நல்லா இருந்துச்சு. அவ மேல உட்கார்ந்தா, பனியில, ஒரு மாதிரி... எனக்குச் சொல்லத் தெரியல. அதை நான் வேலைன்னு நெனச்சுக்கிட்டேன். விடியறதுக்கு முன்னாடி எழுந்து செய்யறது வேலையாத்தானே இருக்கணும்."

அவர் ஒரு கனத்த உறையை எடுத்து மேசைமேல், தாடைகளுக்கு நடுவே வைத்தார். பல்லுக்காரம்மா சுடரைத் தணித்தாள். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு உறையைத் திறந்து நிதானமாக எண்ணினாள். வேண்டாம் என்று சொல்வாளோ என்று அவர் மனத்தின் ஒரு மூலை எதிர்பார்த்தது. அவள் சொல்லவில்லை. உறையை இழுப்பறையில், நிறவாரியாக அடுக்கிய முன்பற்களுக்குப் பக்கத்தில் வைத்துச் சாவி போட்டாள்.

"இங்க உட்கார்ந்து ஒரு பல்லை நான் ரசிச்சு ரசிச்சு மூணு மணி நேரம் செய்யறதுண்டு மாஸ்டர். அதோட நெளிவு, அந்த ஓரத்துல வர்ற சின்ன மஞ்சள், எல்லாம் பார்த்துப் பார்த்து. டாக்டர் ஒரு பல்லுக்குத்தான் காசு குடுப்பாரு. ரசிச்சது என் கணக்கு."

"புரியுதும்மா. கோவம்தானே?"

"கோவம்தான். இதை முடிச்சு நாலு மணிக்குக் குடுக்கணும். முடிச்சிட்டு நிதானமாக் கோவப்படறேன்."

அவர் எழுந்தார். வாசலை அடைவதற்குள் அவள் கூப்பிட்டாள். பென்சிலை எடுத்து, மாவு படிந்த மேசையின் மேலேயே எண்கள் போட்டிருந்தாள்.

"தணிப்பை எடுத்துட்டா ஒரு போட்டிக்கு ஒன்பதாயிரத்து நானூறு. அஞ்சுக்கு நாப்பத்தேழு. என்கிட்ட ஐம்பது இருக்கு." அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். "அப்போ நான் அவளை விக்க வேண்டியதில்ல."

"வேண்டியதில்ல."

"இது செவ்வாய்க்கிழமையே தெரிஞ்சிருந்தா நான் மூணு நாள் தூங்கியிருப்பேன்."

அவள் மேசைமேல் இருந்த எண்களை உள்ளங்கையால் துடைத்தாள்.

"இன்னொண்ணு. காலையில அவ யாரையாவது சுமந்துதான் ஆகணும்னா, அது நான்தான். இனிமே நீங்க ஏறக் கூடாது."

"சரிம்மா" என்றார். படியிறங்கினார். கீழே கடைத்தெரு வெயிலில் பளீரென்று கிடந்தது. ஏதோ ஓர் ஊரில் இறங்கிவிட்டவர்போலச் சிறிது நேரம் நின்றுவிட்டு, எதிர்த்திசைப் பேருந்தில் ஏறி, இரண்டு நிறுத்தம் போன பிறகே தவற்றை உணர்ந்து இறங்கினார்.

சனிக்கிழமை காலை சிமெண்டு வியாபாரி மருத்துவருடன் வந்து, விற்பனை இல்லை என்று அறிந்து, முகம் சிவந்தார். காரணத்தை மாஸ்டரே சொன்னார். கதவில் ஒட்டியிருந்த தாளில் தணிப்பு என்ற வரிக்கு எதிரே, "தேவைப்படும் குதிரைக்கு மட்டும், சொந்தக்காரரிடம் முதல்நாளே கேட்டு" என்று அவர் மனைவி தெளிவான கையெழுத்தில் சேர்த்திருந்தாள். வியாபாரி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை இரண்டு முறை படித்தார்.

"மாஸ்டரே, பல்லுக்காரம்மாவுக்குத் திருப்பிக் குடுத்தேன்னு நீங்களே சொல்றீங்க. அப்போ எனக்கும் வரணும்ல?"

"சார், உங்க கறுப்பன் என்னை வேலிக்கு மேல தூக்கிப் போட்டது மூணு தடவை. நியாயமாப் பார்த்தா நான் உங்ககிட்ட மருந்துச் செலவு கேட்டிருக்கணும்."

மருத்துவர் சிரித்துவிட்டார். வந்ததற்கு அவருடைய கட்டணத்தைக் கொடுக்க வேண்டியிருந்ததால் வியாபாரிக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வாரம் அவர் மாஸ்டரோடு பேசவில்லை. வேறு லாயம் பார்ப்பதாகச் சொல்லிப் பார்த்தார். கறுப்பனை ஏற்றுக்கொள்ள ஆள் கிடைக்காமல் திரும்பி வந்தார். கூரை அந்த மழைக்காலமும் ஒழுகியது. மாடி அறையில் மூன்று இடங்களில் பாத்திரங்கள் வைத்தார்கள். அவற்றில் துளி விழும் ஒலியைக் கேட்டபடி மாஸ்டர் அரைத்தூக்கத்தில் படுத்திருப்பார். அந்த ஒலி மெல்ல மெல்லக் குளம்பொலியாகும். எந்தக் குதிரை என்று பார்ப்பதற்குள் விழிப்பு வந்துவிடும்.

பருவத்தின் முதல் போட்டி வந்தது. மைதானம் ஆற்றோரம். விடியலில் அவர் கறுப்பன்மேல் ஏறினார். ஏறியதுமே அது முதுகை வில்லாக வளைத்து அவரைத் தன் வேலைக்கு அழைத்தது. பத்தடி போவதற்குள் வியர்த்துவிட்டது. ஆற்றிலிருந்து பனி எழுந்து, வேலியையும் கொடிக்கம்பங்களையும் ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தது. அந்த வெண்மைக்குள் சற்றுத் தொலைவில் ஓர் உருவம் அசைந்தது. சாம்பல், பனியின் நிறத்திலேயே இருந்ததால் குதிரை தெரியவில்லை. பல்லுக்காரம்மா மட்டும், தரையிலிருந்து ஆளுயரத்தில், ஒன்றுமில்லாததன்மேல் அமர்ந்து மெல்ல நகர்ந்துகொண்டிருந்தாள்.

தொடக்கத்தில் அவள் வாரை இறுக்கிப் பிடித்திருந்தாள். முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருந்தன. சொல்லலாம் என்று மாஸ்டரின் நாக்கு துடித்தது. கறுப்பன் அதற்கு இடம் கொடுக்கவில்லை. அதை ஒரு வட்டத்தில் திருப்பிக்கொண்டு வந்து மறுபடி பார்த்தபோது அவள் கைகள் தாமாகத் தளர்ந்திருந்தன. தலை சற்றுச் சாய்ந்திருந்தது. எங்கிருக்கிறோம் என்பதை மறந்துவிட்டவர்களின் சாய்வு அது. அதை வெளியிலிருந்து பார்ப்பது அவருக்கு அதுவே முதல் முறை. தாமும் இப்படித்தான் இருந்திருப்போம் என்று நினைத்துக்கொண்டார். நெஞ்சில் பொறாமையும் நிறைவும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஒரே வாசலில் நுழையப் பார்த்தன.

மூன்றாவது சுற்றில் அவள் அவர் பக்கமாக வந்தாள். சாம்பல் ஒலியே இல்லாமல் வந்து நின்றது. பல்லுக்காரம்மாவின் இமைகளில் பனித்துளிகள் கோத்திருந்தன. கோபம் தீர்ந்ததா என்பதை அந்த முகத்தில் அவரால் படிக்க முடியவில்லை.

"இதுக்கா ஆயிரத்து ஐந்நூறு வாங்கினீங்க?" என்றாள்.

"ஆமாம்மா."

"ரொம்பக் கம்மியா வாங்கியிருக்கீங்க."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த நேரம் பார்த்து யாரோ போட்டுவிட்டுப் போன காகிதக் குவளையொன்று காற்றில் உருண்டது. கறுப்பன் உலகமே இடிந்து விழுந்தாற்போலப் பக்கவாட்டில் பாய்ந்தது. ஓர் அங்கவடி நழுவியது. பிடரியைப் பற்றி, முழங்காலால் நெருக்கி, அதட்டி, கெஞ்சி, அதை ஒரு நிலைக்குக் கொண்டுவந்து அவர் நிமிர்ந்தபோது எதிரே பனிதான் இருந்தது. எங்கோ உள்ளே, சீராக, சாம்பலின் மெல்லோட்டம் கேட்டது. அவர் நழுவிய அங்கவடியைக் காலால் தேடிக்கொண்டே, கறுப்பனை மறுபடியும் வட்டத்தில் திருப்பினார்.